டீ ஆறுவதற்குள்

"நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்" என்று தொடங்கும் பதிவை நான் படிக்க மாட்டேன். உன்னை யார் கேட்டார்கள்? வந்தாயா, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போ. பத்துக் காரணங்கள், ஏழு வழிகள் என்று எண் போட்டு எழுதுகிறவர்களும் எனக்கு ஆகாது. சூரியன் மறைகிற படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி எழுதியிருந்தால் அந்த நாலு வரியையும் சேர்த்தே விட்டுவிடுவேன். ஆனால் ஒருவர் தன் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைத்ததையும், திரும்ப மாட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சமாகிக் கையில் நின்றதையும் எழுதியிருக்கட்டும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் படிப்பேன். புதிதாக ஒரு வலைப்பூ கண்ணில் பட்டால் அதன் முதல் பதிவைத் தேடிப் போய் அங்கிருந்து வரிசையாக வருவதுதான் என் பழக்கம்.

எழுதுவதிலும் எனக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒரு பதிவு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. படம் கிடையாது. போட்ட பதிவை அழிப்பது கிடையாது, தப்பாக எழுதியிருந்தாலும் அது அங்கேயே கிடக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், வந்த பின்னூட்டத்துக்குக் கடை மூடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். "அருமை" என்று ஒற்றைச் சொல்லை எறிந்துவிட்டுப் போனவருக்கும் பதில் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

கடை என்றது நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையை. ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டுவோம். அந்த நேரத்தில்தான் பதினாறு வருஷத்துக்கு முன்பு ‘கண்ணாடிக்காரி’ என்ற பெயரில் எழுத ஆரம்பித்தேன். புதுச் சட்டம் வாங்க வருகிறவர் தன் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பவர் இல்லாத சட்டத்தை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நிற்பார். அவர் முகம் அவருக்கே தெரியாது. எங்களைப் பார்த்து "நல்லா இருக்கா?" என்பார். இதுதான் என் முதல் பதிவு. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, உன் வாசகர் வட்டம் மொத்தத்தையும் ஒரே காரில் ஏற்றிவிடலாம், டிரைவருக்கு மட்டும் வெளியாள் பார்க்க வேண்டும் என்றார்.

அந்தக் காரில் முன் சீட்டு ஓட்டைக்குடைக்கு. அது அவர் எழுதிய பெயர். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயரும் அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தோம். போன் நம்பர் கேட்பது, புகைப்படம் கேட்பது எல்லாம் அநாகரிகம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். லிப்ட் போடும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு மணிப் பொத்தானை அழுத்துவார்கள் இல்லையா, அந்த மணி போய் அடிக்கிற இடத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். மெக்கானிக் வந்து சேரும் வரைக்கும் உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் எந்த மாடி என்றுதான் முதலில் கேட்பார்களாம். இவர் மட்டும், "தனியா இருக்கீங்களா, கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்பாராம். அதைக் கேட்டதும் பாதி பயம் போய்விடும் என்று எழுதியிருந்தார். சும்மா விளையாட்டுக்கு மணி அடிக்கிறவர்களைத் திட்டி மட்டும் எட்டுப் பதிவு எழுதினார். அவருடைய பதிவுகள் நீளம். எனக்கு நீளம் பிடிக்காது. அவருடையதை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

என் பதிவுக்கு முதல் பின்னூட்டம் எப்போதும் அவருடையது. ஒரு டீயை எடுத்து வைத்துக்கொண்டுதான் படிக்க உட்காருவாராம். "டீ ஆறவில்லை" என்று எழுதினால் பதிவு சுருக்கம், ஆனால் சுமார். "டீ ஆறிவிட்டது" என்று எழுதினால் பதிவில் மூழ்கிவிட்டார் என்று அர்த்தம். ஏழு வருஷத்தில் அந்த இரண்டாவதை நான் பதினொரு தடவைதான் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் அன்று முழுக்கக் கடையில் யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

பிறகு அந்தச் சண்டை வந்தது. "எனக்குப் பிடிக்காத பதிவுகள்" என்று ஒன்று எழுதினேன். மேலே சொன்னேனே, எண் போடுகிறவர்கள், படம் போடுகிறவர்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள், எல்லோரையும் ஒரு பிடி பிடித்திருந்தேன். மறுநாள் பெயர் போடாமல் ஒரு அனானி வந்து இறங்கினார். லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இவ்வளவு திமிரா என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் எழுதினார். இரண்டு பின்னூட்டம் படித்தேன். மூன்றாவதைப் படிக்கவில்லை. நிர்வாகப் பக்கத்துக்குப் போய், அன்று வந்த பன்னிரண்டையும் மேலிருந்து கீழ் வரை ஒரேயடியாக ‘டிக்’ போட்டு, ஸ்பேம் என்ற குப்பைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். பெயரில்லாதவர்கள் இனிமேல் எழுதவே முடியாதபடி அந்த வசதியையும் மூடினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓட்டைக்குடைக்காகக் காத்திருந்தேன். என்னை ஒருவர் இவ்வளவு பேசியிருக்கிறார், நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த பதிவுக்கும் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சரிதான் போ என்று அவர் பக்கத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஏன் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எனக்கு ரோஷம். அதோடு நிற்கவில்லை. எங்கள் வளாகத்து லிப்டில் மணிப் பொத்தான் மஞ்சள் நிறம். மஞ்சள் போடுவது தங்கள் கம்பெனி மட்டும்தான் என்று அவர் ஒரு பதிவில் எழுதியிருந்தார். அதனால் அந்த லிப்டில் ஏறுவதையும் விட்டேன். ஒன்பது வருஷமாக மூன்று மாடியும் படிதான். இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு பாருங்கள் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார். முழங்கால் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் அந்த அறிவிப்பு வந்தது. எங்கள் வலைப்பூக்களை வைத்திருக்கும் நிறுவனம் கடையைக் கட்டுகிறதாம். இருபத்தெட்டாம் தேதிக்குள் எழுதியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எதுவும் இருக்காது என்று ஒரு மின்னஞ்சல். பிரதி எடுக்கலாம் என்று நிர்வாகப் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஓரத்தில் ‘ஸ்பேம் 52’ என்று இருந்தது.

பன்னிரண்டு சரி, மீதி நாற்பது எங்கிருந்து வந்தது என்று திறந்தேன். எல்லாம் ஓட்டைக்குடை.

அன்று நான் ‘டிக்’ போட்ட பன்னிரண்டில் ஏழாவது அவருடையது. ஒருவரை ஒரு தடவை ஸ்பேம் என்று தள்ளினால், அதற்குப் பிறகு அவர் எழுதுவதையெல்லாம் அதுவே அங்கே தள்ளிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஏழாவதைப் படித்தேன். "இவர் சொல்வதில் பாதி எனக்கும் ஒத்துவராது. என் பதிவுகளே நீளம்தான். ஆனால் ஐயா அனானி, இந்தப் பக்கத்தில் இவர் பதில் சொல்லாமல் விட்ட பின்னூட்டம் ஒன்றே ஒன்று காட்டுங்கள், அப்புறம் திமிரைப் பற்றிப் பேசலாம்." அனானியுடையதை விட்டால், அதுதான் நான் பதில் சொல்லாமல் விட்ட முதல் பின்னூட்டம்.

மற்ற நாற்பதையும் கடையிலேயே உட்கார்ந்து படித்தேன். "டீ ஆறவில்லை. என் மேல் ஏதாவது கோபமா?" என்று ஒன்று. "டீ ஆறிவிட்டது. சொன்னால் திருத்திக்கொள்வேன்" என்று ஒன்று. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் பயத்தில் தன் கணக்கு வாத்தியாரைத் திட்டித் தீர்த்த கதை, எனக்குப் பிடிக்கும் என்று சுருக்கமாக, ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார். மூன்றாவது வருஷத்தில் ஒன்று: "அம்மா போன வாரம் தவறிவிட்டாள். உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது." கடைசியாக வந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். "மணி அடித்தால் எடுக்க வேண்டும் என்பது என் வேலை. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லைதான். இனி அடிக்க மாட்டேன். நல்லா இருங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸ் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையில் அந்தப் பொய் செல்லாது, டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணைப் பார்க்கவே வந்துவிட்டார்.

நாற்பத்தொன்றையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. அம்மாவைப் பற்றியதற்கு மட்டும் ஒரு முழு மத்தியானம். ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிற்று, போகட்டும் என்று விட்டேன். ஆனால் எழுதி என்ன பயன், அவர் பார்க்க வேண்டுமே. அவருடைய வலைப்பூவில் ஐந்து வருஷமாக ஒன்றும் இல்லை. அவர் கொடுத்திருந்த முகவரிக்கு எழுதிய மின்னஞ்சல் அப்படியே திரும்பி வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நம்பர் இல்ல, பேர் இல்ல, எப்படித்தான் ஏழு வருஷம் பேசிக்கிட்டீங்க?" என்றார். அப்படித்தான் பேசினோம், அதனால்தான் பேச முடிந்தது என்றேன். தேதி இருபத்தாறு.

மறுநாள் காலையில் படியில் கால் வைத்தேன். முழங்கால் சுளீர் என்றது. நின்றேன். பக்கத்தில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மஞ்சள் பொத்தான்.

அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஏறினேன், கதவு மூடியதும் அழுத்தினேன். ஒரு ஆண் குரல், எந்த மாடி மேடம் என்றது. முழங்கை பட்டுவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கினேன். கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை, ஒரு லென்ஸை அளவு தப்பாகத் தேய்த்து வீணாக்கினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி போய் ஏறி அழுத்தினேன்.

"வணக்கம், பயப்படாதீங்க. தனியா இருக்கீங்களா, கூட யாராவது இருக்காங்களா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆனால் ஏழு வருஷம் படித்த குரல்.

"தனியாத்தான் இருக்கேன்" என்றேன். "மாட்டிக்கல. நான்... கண்ணாடிக்காரி."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சும்மா மணி அடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை எழுதியிருக்கேன்" என்றார்.

"எட்டுப் பதிவு" என்றேன். "உங்க பின்னூட்டம் எதுவும் எனக்கு வந்து சேரல. தப்பு என்னோடதுதான், நானே தெரியாம ஸ்பேம்ல தள்ளிட்டேன். போன வாரம்தான் பார்த்தேன். நாப்பத்தொண்ணுக்கும் பதில் போட்டிருக்கேன். நாளையோட எல்லாம் போயிடும், அதுக்குள்ள போய்ப் பாருங்க."

என் பழைய பாஸ்வேர்டே மறந்துபோச்சே என்றார். படிக்கிறதுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றேன். யாரோ நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கிறார், வைக்கிறேன், ஆறு மணிக்கு வேலை முடியும் என்றார். நம்பர் கேட்கத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ஒன்பது வருஷமாக மூடி வைத்திருந்த அந்த வசதியைத் திறந்துவிட்டேன். பெயரில்லாதவர்களும் எழுதலாம். முதலாளி கிளம்பலாம் என்றார், நான் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏழே காலுக்கு ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் இருக்கும் இடத்தில் ‘அனானி’ என்று இருந்தது.

"டீ ஆறிவிட்டது. இன்னொன்று போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதியதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்."

கடை மூடுவதற்குள் பதில் எழுதினேன்.