கண்ணில்லாக் குடும்பம்

பேராசிரியர் பரணிதரனை நினைத்தாலே கலைமகளுக்குக் குமட்டியது. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் அவளுடைய முனைவர் பட்டத்துக்கு அவர்தான் வழிகாட்டி. வழிகாட்டிக் கிழித்தார்! இமயமலையில் கிடைத்த ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அற்றுப்போன டிரைலோபைட் என்ற கடல் பிராணிகளில் கண்ணே இல்லாத புதுக் குடும்பம் ஒன்று இருந்தது என்று எழுதி, அதற்குக் கல்லூரித் தாளாளரான தன் மாமனாரின் பெயரையும் சூட்டியிருந்தார்.

கலைமகள் பட்டுக்கோட்டைப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். நண்டு வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போடும். வரப்பில் கிடக்கிற அந்த வெற்று ஓட்டை வேறு ரக நண்டு என்று பைத்தியக்காரன்கூடச் சொல்லமாட்டான். டிரைலோபைட்டும் ஓடு கழற்றுகிற ஜீவன்தான். கழற்றும்போது கன்னம் கண்ணோடு பெயர்ந்து தனியே விழுந்துவிடும். குடும்பமாவது, குலமாவது! ஏற்கெனவே தெரிந்த இனம் ஒன்று உரித்துப்போட்ட சட்டை, அவ்வளவுதான். ஆய்வேட்டில் அப்படியே எழுதிவிட்டாள்.

"கண்ணு எங்கம்மா? காட்டு, கையெழுத்துப் போடுறேன்" என்றார் பரணிதரன். கல் அவருடைய பீரோவில், சாவி அவருடைய பையில். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது? அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுடைய இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குத்தான் போகும்.

இந்த லட்சணத்தில் அவருக்குப் பாராட்டு விழா வேறு. வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ். கட்டுரையில் ஓரத்தை வெட்டி நகத்தளவுக்குப் போட்டிருந்த கல்லின் படத்தை, பளிச்சென்று தெரியவேண்டும் என்ற ஆசையில் வெட்டாமல் முழுசாகவே கடைக்காரரிடம் கொடுத்திருந்தார். கலைமகள் அண்ணாந்து பார்த்தாள். அவள் வாய் தானாகச் சிரித்தது. வாலுக்குப் பக்கத்தில், அந்தத் தலைக்கே அளவெடுத்ததுபோல ஒரு கன்னத் துண்டு கிடந்தது. அதில் தேன்கூடாய் ஒரு கண்.

அதன் கீழேதான் பரணிதரன் பொன்னாடையும் பல்லுமாக நின்று, சிறப்பு விருந்தினர் மெஹராஜ் பேகத்தை வரவேற்றுக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த நிலவியல் பேராசிரியை அவர்.

"சார், கண்ணைக் காட்டச் சொன்னீங்கள்ல? உங்க தலைக்கு மேலயே இருக்கு, பாருங்க" என்றாள் கலைமகள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மெஹராஜ் பேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடடே, ஓடு உரிச்சதா இது?" என்று செல்போனை எடுத்தார்.

"ஃபிளெக்ஸைக் கழட்டுங்கடா!" என்று கத்தினார் பரணிதரன்.

"மேடம் போட்டோ எடுத்துட்டாங்க சார்" என்றாள் கலைமகள்.

அவரை எங்கே பிடித்தாலும் நீட்டலாம் என்று சுமந்து திரிந்த ஆய்வேட்டைத் திறந்து, பேனாவோடு நீட்டினாள். வாசலில் மாமனாரின் கார் வந்து நின்றது. அவர் இறங்குவதற்குள் பரணிதரன் கையெழுத்துப் போட்டு முடித்தார்.