தண்டையார்பேட்டை அரையிறுதி

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் பதினேழு வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கான மண்டலக் கால்பந்து அரையிறுதி, இரண்டாம் பாதியில் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டது. பார்வையாளர் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஆட்டம் தொடர்ந்தது.

மறுநாள் மதியம் ஜானட் தன் அப்பாவின் கால்களுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். வலது காலில் ஏறிவிட்டது. இடது குதிகாலில் சிக்கிக்கொண்டு நகரவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து உடல் வீட்டுக்கு வர ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அவள் இரவு தூங்கவில்லை. காலையிலிருந்து யாராவது ஒருவர் அவள் கையில் டீ கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அவளும் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"விடு, நான் போடுறேன்" என்றார் பிராங்கிளின். அப்பாவின் தம்பி. சாமியானா, சேர், ஐஸ் பெட்டி, கல்லறையில் குழி என்று நேற்றிரவிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸை முழுக்கச் சுருட்டி விரல்களில் நுழைத்து ஒரே இழுப்பில் ஏற்றினார். பிறகு எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஜானட்டு, ஃபாதராண்ட பேசிட்டேன். நாலு மணிக்குப் பூசை. எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. கோயிலுக்கு வர்ற வழியில வுழுந்துட்டார்னு சொல்லிகீறேன்."

"அப்பா நாயித்துக்கெழம தவிர கோயில் பக்கம் போனதில்லையே சித்தப்பா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொம்பளப் புள்ளைங்க புட்பால் ஆடுற எடத்துல அறுவத்தேழு வயசு ஆளுக்கு இன்னா வேலைன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். பேத்தி ஆடிச்சுன்னா சரி. சொந்தக்காரப் புள்ள ஆடிச்சுன்னாலும் சரி. யாருமே இல்லாம எதுக்குப் போனாரு? உன்னால பதில் சொல்ல முடியுமா?"

அவளால் முடியாது. நேற்று மாலை போலீஸ்காரர் போனில் கேட்டதும் இதே கேள்வியைத்தான். உங்க வீட்டுப் பிள்ளை யாராவது அந்தப் பள்ளியில் படிக்கிறதா? இல்லை. ஆடிய இன்னொரு பள்ளியில்? இல்லை. பின்னே? அவர் அந்தப் 'பின்னே'யோடு நிறுத்திக்கொண்டார்.

"எப்படியாவது சொல்லிக்குங்க" என்றாள் ஜானட்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அம்மா சிலுவையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு கணக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் அம்புரோஸ் ஓய்வுபெற்ற நாளிலிருந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "சும்மா, அப்படியே" என்பார். பழைய ஆட்களோடு சீட்டாடத்தான் போகிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். முடிவு கட்டியதோடு விடவில்லை, ஏழு வருஷமாகத் திட்டவும் திட்டினாள். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். "சீட்டு இல்லடி, பந்துதான்டின்னு ஒரு வார்த்த. நான் வாய வெச்சுகினு சும்மா இருந்திருப்பேனே."

ஜானட்டின் நினைவு வேறு எங்கோ இருந்தது. 1999-இல் அவள் பத்தாம் வகுப்பு. பள்ளி த்ரோபால் அணி மண்டல இறுதிக்குப் போயிருந்தது. மைதானம் துறைமுக கேட்டிலிருந்து நடக்கிற தூரம். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு முடியும். ஆட்டம் மூன்று மணிக்கு. "வர்றேன்" என்றோ "வரமாட்டேன்" என்றோ அவர் சொல்லவில்லை. சர்வீஸ் போடும் ஒவ்வொரு முறையும் அவள் கேட் பக்கம் பார்த்தாள். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் பனியனோடு தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள். "அப்படியா?" என்றவர் ரசம் கேட்டார். அதற்குப் பிறகு அவள் எந்த ஆட்டத்துக்கும் அவரை அழைக்கவில்லை. நாற்பது வயது தாண்டியவள் மனதில் வைத்துக்கொண்டிருக்கும் விஷயமா இது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. நேற்று மாலை வரை அநேகமாக மறந்தும் இருந்தாள்.

இரண்டரை மணிக்கு மூன்று பேர் சாமியானா ஓரத்தில் வந்து நின்றார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். கையில் ஒரு மாலை. வீடு இதுதானா என்று தெரியாதவர்கள் போல் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஃப்ளெக்ஸில் இருந்த படத்தைப் பார்த்ததும் பெண் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிராங்கிளின் எழுந்து போனார்.

"யாரு நீங்க?"

"அண்ணனோட கூட மேட்ச் பாக்கறவங்க சார்" என்றார் வயதானவர். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பெயர் கிருஷ்ணப்பன். கூட வந்தவர்களையும் அவரே சொன்னார். காக்கிச் சட்டை போட்டிருந்தவர் மனோகரன், ஆட்டோ ஓட்டுகிறார். சாபிரா, வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள்.

"உங்க புள்ளைங்க ஆடுதா?"

"இல்ல சார்."

"பேரப் புள்ளைங்க?"

"யாரும் இல்ல சார். எந்த ஸ்கூலா இருந்தாலும் போவோம். சும்மா பாக்கறதுதான்."

பிராங்கிளின் தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்படி உள்ள தள்ளிக் குந்துங்க" என்றார். "யாராவது கேட்டா ஹார்பர்ல கூட வேலை செஞ்சோம்னு சொல்லுங்க."

"நான் கூடவா?" என்றாள் சாபிரா.

அவர் ஐஸ் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மாலை போட்டுவிட்டு மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜானட் நான்கு காகிதக் கப்பில் டீ கொண்டுபோய் மூவருக்கும் கொடுத்தாள். பிறகு திரும்பிப் போகாமல் ஒரு சேரை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அவரு பொண்ணு."

"தெரியும்மா. மூக்கு அப்படியே கீது" என்றார் மனோகரன்.

"எத்தன வருஷமா வர்றாரு?"

"நான் பாக்கறதுல இருந்து ஆறு வருஷம். எனக்கு முன்னாடியே கிருஷ்ணப்பண்ணன் செட்டு. நாலு பேரும் கோல் போஸ்டுக்குப் பின்னால மதில் நெழல்ல குந்திப்போம். ஆட்டம் ஆரம்பிக்கச் சொல்ல காசு சுண்டி சைடு பிரிப்போம். ரெண்டு பேர் இந்த ஸ்கூலு, ரெண்டு பேர் அந்த ஸ்கூலு. இல்லாங்காட்டி யாருக்குக் கத்தறது? சொல்லு."

"எங்க அப்பா கத்துவாரா?"

மூவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, இடம் உணர்ந்து அடக்கிக்கொண்டார்கள்.

"கத்துவாராவா?" என்றாள் சாபிரா. "ரெஃப்ரி விசிலை வாயில இருந்து எடுத்துட்டு, பெரியவரே, நீங்க வந்து ஊதுங்கன்னு குடுத்தான் ஒரு தபா. இவரு வாங்கிக்கினாரும்மா. நெஜமா ஊதப் போனாரு. நாந்தான் சட்டயப் புடிச்சு இழுத்தேன்."

வீட்டில் அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். டிவியில் எந்த ஆட்டம் ஓடினாலும் எழுந்து போய்விடுவார். ஜானட் தன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து?"

"நேத்து அவருக்கும் எனக்கும் தண்டார்பேட்ட புள்ளைங்க" என்றார் கிருஷ்ணப்பன். "செவந்த ட்ரெஸ்ஸு. ரெண்டு சைடுக்கும் கோல் ஒண்ணும் ஆவல. அப்பால ஒரு குட்டிப் பொண்ணு, பத்தாம் நம்பரு, அடிச்சா பாரு ஒரு கோலு. லைன்ல நிக்கறவன் கொடியத் தூக்கிட்டான். அண்ணன் எழுந்தாரு. 'டேய், அது ஆஃப்சைடு இல்லடா'ன்னாரு. அவ்ளோதான். குந்தறார்னு நெனச்சேன், சாஞ்சுட்டாரு."

"ஆஃப்சைடு இல்லியா?"

கிருஷ்ணப்பன் தயங்கினார். "ஆஃப்சைடுதாம்மா. நல்லா ரெண்டடி."

ஜானட்டுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. வரவில்லை. பையில் இருந்த பஸ் பாஸைப் பார்த்த பிறகுதான் அவர் பெயர் அம்புரோஸ் என்றே தெரிந்தது என்று மனோகரன் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அவர்களுக்கு அவர் வெறும் 'ஹார்பர் அண்ணன்'.

அவள் கேட்க நினைத்ததை ஒரு வழியாகக் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

மனோகரன்தான் முந்திக்கொண்டார். "சொல்லாமயா? எம் பொண்ணு ஸ்கூல்ல நல்லா ஆடும், புட்பால்ல கப்பெல்லாம் வாங்கிகீதுன்னு சொல்லுவாரும்மா. பெருமையா சொல்லுவாரு."

"நான் த்ரோபால்" என்றாள் ஜானட்.

மனோகரன் கப்புக்குள் பார்த்தார். தெருவில் மீன் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. உள்ளே பெண்கள் ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கினார்கள்.

"அவன் வாய் சும்மா இருக்காதும்மா" என்றார் கிருஷ்ணப்பன். "உன் மனசு ஆறட்டும்னு வுட்டான் ஒண்ணு. தப்பா எடுத்துக்காத. அண்ணனுக்குப் பொண்ணு கீதுன்னே நேத்து ராத்திரிதான் தெரியும். அங்க வூட்டுப் பேச்சு கெடையாது. நாங்களே பேசி வெச்சது. எவன் வூட்டுப் பேச்சு எடுக்கிறானோ, அன்னிக்கு அவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். மருமவ சண்ட, பென்ஷன், பையன் குடிச்சுட்டு வர்றது, எது எடுத்தாலும் டீ."

"நாந்தான் ஜாஸ்தி வாங்கித் தந்தது" என்றாள் சாபிரா.

"அப்பா?"

மனோகரன் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை.

"அண்ணன் ஒரு தபா கூட வாங்கித் தந்ததில்லம்மா" என்றார் கிருஷ்ணப்பன்.

ஜானட் தலையாட்டினாள். பந்தலில் தொங்கிய டியூப் லைட் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. யாராவது அணைக்கலாம் என்று நினைத்தாள்.

சாபிரா சேரை முன்னால் நகர்த்தினாள். "பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். என் பையன் கபடி ஆடுவான். ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்ல. நம்ம புள்ள வுழுந்தா நம்மளால பாக்க முடியாது. யாரோ பெத்த புள்ளைன்னா, வுழுந்தாலும் எழுந்திரு, ஓடுன்னு கத்தலாம். தோத்தாலும் பஸ் ஏறி வந்துடலாம். உங்க அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

"அது உங்க கதை அக்கா" என்றாள் ஜானட். கோபமாகச் சொல்லவில்லை. "அவரு கதை என்னன்னு அவரு சொல்லல."

"சொல்லலதான்" என்று சாபிரா ஒப்புக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குச் சவப்பெட்டியை எடுத்தார்கள். அம்மா ஒரு முறை பெரிதாகக் கத்திவிட்டு அடங்கினாள். தூக்குவதற்கு ஆள் போதவில்லை. மத்தியக் கிழக்கில் இருக்கும் ஜானட்டின் அண்ணன் நோயலுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். ஹார்பர் ஆட்கள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். பிராங்கிளின் பின்வரிசையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கையைக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றார். கிருஷ்ணப்பனும் மனோகரனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள்.

கோயிலில் மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஃபாதர் வயதில் சின்னவர், பங்குக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அம்புரோஸை அவருக்குத் தெரியாது. கேள்விப்பட்டதை வைத்து நன்றாகவே பேசினார்.

"ஆலயத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்த வழியிலேயே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். இப்படி ஒரு மரணம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

முன்வரிசையில் பிராங்கிளின் தலை குனிந்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஜானட் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். ஃபாதர் சொன்ன மனிதர் அமைதியானவர், பக்தியுள்ளவர், மாலை நேரத்தில் தனியாகக் கோயிலுக்கு நடக்கிறவர். அந்த ஆளை அவளுக்குத் தெரியாது. மதில் நிழலில் உட்கார்ந்து ரெஃப்ரியிடம் விசில் வாங்கிய ஆளையும் தெரியாதுதான். ஆனால் அவரைப் பார்த்தவர்கள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

காசிமேடு கல்லறையில் வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. குழிக்காரர்கள் கயிற்றை விட்டுப் பெட்டியை இறக்கினார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். சாபிரா வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஜானட் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கியபோது ரெஜினா வந்து அவள் தோளைப் பிடித்தாள். கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறவள், நல்ல மாதிரி. இன்று ராத்திரிக்குள் அவள் வாயால் ராயபுரம் முழுக்கச் செய்தி போய்விடும்.

"குடுத்து வெச்ச சாவுடி ஜானட்டு. கோயிலுக்கு வரச்சொல்ல வுழுந்துட்டாராமே?"

இரண்டடி தள்ளி நின்ற பிராங்கிளின் ஜானட்டைப் பார்த்தார்.

"இல்லக்கா" என்றாள் ஜானட். "தண்டையார்பேட்டைல மேட்ச் பாத்துகினு இருந்தாரு. ஸ்கூல் புள்ளைங்க மேட்ச்."

"மேட்ச்சா? உம் பொண்ணு ஆடிச்சா?"

"இல்ல. யாரோ புள்ளைங்க. அடிக்கடி போவாரு."

ரெஜினா ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தாள். பிராங்கிளின் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு குழிக்காரர்கள் பக்கம் போனார்.

மண் மூடி முடிக்க ஐந்தே முக்கால் ஆயிற்று.