கவிழ்த்தாலும் விழாத கூழ்

ஏழாவது தடவையும் கூழ் உறையவில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உறைந்திருந்தால் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். இதுவோ சளசளவென்று மூடிக்கு ஓடி வந்தது.

ஆய்வகத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். பத்துச் சொட்டு என்றால் பத்தே சொட்டுதான் விடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஆறு வருஷத்துக்கு முன் தண்ணி பட்ட பாடாக இருந்த வேலை இந்தப் புதுக் கட்டடத்தில் கையை விரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை நரம்பு மருத்துவர் நேரில் பார்க்க வருகிறார். அதற்குள் கூழ் உறையாவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். இன்று புதன், மதியம்.

வேலை என்னவோ சுலபம்தான். புரதத் துணுக்குகள் அடங்கிய வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி ஆற விட வேண்டும். மீதியை அதுகளே பார்த்துக்கொள்ளும். யாரும் கூப்பிடாமல் ஒன்றையொன்று தேடிப்போய், ஒட்டி நின்று இழையாகும். இழைகள் பின்னி வலையாகும். வலை தண்ணீரையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதுதான் கூழ். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுகூட இப்படித் தானாகச் சேர்ந்ததுதான். அறுபட்ட நரம்பின் இடைவெளியில் கூழை வைத்தால், அந்த இழைகளைப் பற்றிக்கொண்டே நரம்பு மறுபக்கம் வளர்ந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள்.

அவர்கள் என்றால் அவளும், அப்போது கூட வேலை பார்த்த தோழி நெட்டையும். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சரியாகச் சாத்தாத ஜன்னல் ஓரம், இரண்டு பேருக்கும் ஒரே மேசை. ஆற விட்ட குப்பியை நாற்பது நிமிஷம் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. அந்த நாற்பது நிமிஷமும் நெட்டை கதைப் புத்தகம் வாசிப்பாள். ஏதோ பனி நாட்டு நாவல், மொழிபெயர்ப்பு. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. கதாநாயகி ரயில் ஏறினாளா இல்லையா என்று ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை போடுவார்கள். மழைச் சாரல் குறிப்பேட்டில் தெறிக்கும். திரும்பிப் பார்த்தால் கூழ் உறைந்திருக்கும். அப்போது அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

அவள் நெட்டைக்குப் போன் போட்டாள். இப்போது நெட்டை ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேதியியலாளர்.

"என்ன கடிகாரம், ஓடுதா நின்னுபோச்சா?"

"கூழ்தான்டி ஓடுது. ஏழு தடவை ஆச்சு."

"பொடி?"

"புதுசு, பழசு ரெண்டும் பாத்துட்டேன்."

"ஆறும்போது ஆட்டினியா?"

"நானா?"

"சரி சரி, உன்கிட்ட கேட்டது என் தப்பு. தண்ணி?"

"இங்க மேசைக்கே வருது. அவ்வளவு சுத்தம்."

மறுமுனையில் நெட்டை இயந்திரச் சத்தத்தை விட்டு ஒதுங்கிப் போவது கேட்டது.

"நெட்டை?"

"திட்டமாட்டேன்னு சொல்லு."

"முதல்ல நீ சொல்லு."

"சுத்தத் தண்ணி கீழ்த்தளத்துல இருந்துச்சுல்ல. கேனைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறணும். எனக்கோ முட்டி வலி."

"அதனால?"

"வராண்டாக் குழாய்ல பிடிச்சிட்டேன்."

"ஒரு தடவையா?"

"ரெண்டு வருஷம்."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றியவள், எதை ஊற்றுகிறோம் என்று ஒரு நாளும் கேட்கவில்லையே. குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'சுத்த நீர்' என்று எழுதியது அவள் கைதான். அச்சேறிய கட்டுரையிலும் அதேதான்.

"குடிக்கிற தண்ணிதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு..." நெட்டையின் குரல் தேய்ந்தது.

அந்தக் குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சுண்ணாம்புச் சத்து. துணுக்குகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம். கிட்டே வந்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும். நடுவே சுண்ணாம்பு புகுந்து சமாதானம் செய்துவைத்திருக்கிறது. இங்கேயோ சமாதானம் பேச ஆளில்லை.

"லைன்லயே இரு," என்றாள்.

சுண்ணாம்பு உப்பை நிறுத்து எடுத்துக் கரைத்தாள். புதிதாகப் பொடி போட்டுச் சூடாக்கி இறக்கிய குப்பியில் அளவாக விட்டாள். மேசையில் வைத்துவிட்டு, கோபப்படலாம் என்று நினைத்தாள். நெட்டையோ சோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்: அழுக்கைச் சுற்றிச் சோப்பு மூலக்கூறுகளும் தானாகவே வட்டம் கட்டி நிற்குமாம், யாரும் சொல்லித்தர வேண்டாமாம், மேலாளருக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறதாம். அவள் சிரித்துவிட்டாள். நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை.

குப்பியை எடுத்துக் கவிழ்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"விழல."

அவள் குப்பியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குறிப்பேட்டை இழுத்தாள்.

"வெள்ளிக்கிழமை தண்ணி விஷயத்தையும் சொல்லியாகணும்," என்றாள் அவள். "கட்டுரைக்குத் திருத்தம் போடணும். அதுல உன் பேரும் இருக்கு."

"மானம் போயிடும்."

"ரெண்டு பேர் மானமும்தான்."

நெட்டை பெருமூச்சு விட்டாள். "லீவு சொல்லிட்டு வரேன். தலைவர்கிட்ட நானே என் வாயால சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும்."