இரண்டு பக்கமும் குமிழ்

எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, கீழே இருக்கிற ஆளோடு சாவகாசமாக அரட்டை அடிப்பார். இருட்டுக்குள் கையை விட்டு, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ஒரு கிலோ முந்நூறு கிராம் எடையுள்ள சொந்த மகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடத் தைரியம் வரவில்லை. இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்ததெல்லாம் பிற்பாடுதான். அப்போது வந்தது கோபம். அதுவும் பொல்லாத கோபம்.

நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். ஐந்தாம் மாதத்தில், கூட்டம் இல்லாத மதியங்களில், குழந்தைக்குக் கொக்கி ஊசியால் குரோஷா போர்வை பின்ன ஆரம்பித்தேன். வெண்ணெய் நிறப் பருத்தி நூல். ஒரு வரிசை வெறும் கண்ணி, அடுத்த வரிசையில் நாலு கண்ணிக்கு ஒரு குமிழ் என்று கணக்கு. தடவினால் விரலுக்கடியில் பட்டாணி பட்டாணியாகத் தட்டுப்படும். குழந்தை வளர்ந்து, பெரியவளாகி, அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய போர்வை என்று எனக்குள் பெரிய கற்பனை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட ‘இது எங்க அம்மா பின்னினது’ என்று தெரியவேண்டும். பன்னிரண்டு வரிசை முடித்திருந்தேன். மகளுக்குப் பொறுமை போதவில்லை. முப்பதாவது வாரத்திலேயே வந்து நின்றாள்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவளை நாலாவது மாடியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வைத்தார்கள், என்னை இரண்டாவது மாடியில் போட்டார்கள். மறுநாளே எனக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் கிருமி என்றார்கள். காய்ச்சல் முழுசாக விட்டு மூன்று நாள் ஆகும்வரை மேலே எட்டிப் பார்க்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாலாவது மாடியில் பெற்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. என் கூடவே இருந்த அக்காவுக்கும் கிடையாது. ஆக, அந்த மாடியில் என் மகளுக்கு இருந்த ஒரே சொந்தம் இவர்தான்.

அந்தப் பிரிவின் நர்ஸ் ஒருமுறை கீழே இறங்கி வந்து விவரமாகச் சொன்னார். அவர் குரல் கூரையைத் தொடும். அக்கா அவருக்கு அலாரம் சிஸ்டர் என்று பெயரே வைத்துவிட்டாள். இப்படி முன்னாடியே பிறக்கிற குழந்தைகள் நடுநடுவே மூச்சு விட மறந்துபோகுமாம். உடனே மெஷின் கத்தும், ஓடிப்போய்ப் பாதத்தைத் தடவிவிட்டால் ஞாபகம் வந்து மூச்சு விடுமாம். அம்மாவோ அப்பாவோ சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் நெஞ்சில் குழந்தையைப் போட்டு, தினமும் ஒரு மணி நேரம் சாய்ந்திருந்தால் அந்த மறதி குறையும், உடம்பு சூடு நிற்கும், எடை ஏறும் என்றார். அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் அப்பா வரட்டும் என்று முடித்தார். இவர் பெரிதாகத் தலையை ஆட்டினார்.

முதல் நாள், தொண்டை கரகரக்கிறது என்றார். இரண்டாம் நாள், எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். மூன்றாம் நாள், கையில் கிரீஸ் வாடை போகவில்லையாம். சாயங்காலம் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, பாப்பா நன்றாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று ஒரே பாட்டு. அந்த மூன்றாம் நாள்தான் என் துணிப்பையைத் திறந்து போர்வையை எடுத்தார். உன் கையில் டிரிப்ஸ் ஏறுகிறது, உன்னால் முடியாது, இதை நானே முடித்துவிடுகிறேன் என்றார். ஊசி பிடிக்கத் தெரியாத மனுஷன். நான் அப்படியே உருகிப்போய்விட்டேன். நான் ஒரு பைத்தியக்காரி.

ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்தார். நாலாவது மாடி வராந்தாவில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பின்னினாராம். காய்த்துப்போன விரல்களில் நூல் சிக்கிப் பிசிறு பிசிறாக வந்ததும், குதிகால் தேய்க்கிற கல்லை வாங்கி விரலெல்லாம் தேய்த்திருக்கிறார். இப்படி ஒரு ஆம்பிளையை நான் பார்த்ததில்லை என்று அக்கா ஊர் பூராவும் ஃபோன் போட்டுச் சொன்னாள்.

ஆறாம் நாள் காலையில் அலாரம் சிஸ்டர் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“உங்க வீட்டுக்காரர் ஸ்வெட்டர் கடை ஏதும் வைக்கப் போறாராம்மா? கையைக் கழுவுறார், கண்ணாடிகிட்ட வரைக்கும் வர்றார், திரும்பிப் போய் ஊசியை எடுத்துக்கிறார். இன்னிவரைக்கும் குழந்தையைத் தொடலை. நேத்து மட்டும் ஆறு தடவை மூச்சு விட மறந்துட்டா.”

ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஓடிப்போய் அந்தக் குட்டிப் பாதத்தைத் தடவியிருக்கிறார்கள். பெற்ற அப்பன் பத்தடி தூரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். வரட்டும் என்று காத்திருந்தேன். என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

மதியம் பையோடு வந்தார். முதலில் போர்வையைக் கொடுங்கள் என்றேன். எதிலிருந்து ஆரம்பித்துத் திட்டலாம் என்று பார்க்கத்தான். கட்டிலில் விரித்துப் போட்டதும் அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள்.

என்னுடைய பன்னிரண்டு வரிசையும் தொளதொளவென்று, நாலு சாண் அகலம். அதற்கு மேல் அவர் போட்ட பதினான்கு வரிசை மூன்று சாண்கூட இல்லை. கண்ணியை எண்ணினால் எண்ணிக்கை அச்சுப் பிசகவில்லை, வரிசைக்குத் தொண்ணூற்றொன்பது. ஆனால் ஒவ்வொன்றையும் போல்ட் முடுக்குகிற மாதிரி முடுக்கி வைத்திருந்தார். அந்தப் பகுதியை நிமிர்த்தி வைத்தால் தானாக நிற்கும். குழந்தைக்குப் போர்த்துவதா, வாசலில் போட்டுக் கால் துடைப்பதா என்று அக்கா கேட்டாள். இன்னொரு கூத்தும் இருந்தது. குமிழெல்லாம் பின்பக்கம் போயிருந்தது. என் குமிழ் இந்தப் பக்கம், அவர் குமிழ் அந்தப் பக்கம்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன். புதுசாக எதை மாட்டினாலும் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் காலியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதானே முறை என்றார் அப்பாவியாக. அதனால் என் கடைசி வரிசைக்கு மேல் வெறும் கண்ணியாக ஒரு வரிசை போட்டு ஓட்டம் பார்த்தாராம். நன்றாகத்தானே வந்திருக்கிறது, எதற்குப் பிரிப்பது என்று அதை அப்படியே விட்டு, அதற்கு மேல் மறுபடி வெறும் வரிசையிலிருந்து கணக்கை ஆரம்பித்தாராம். ஒரு வரிசை கூடினால் போர்வை ஒரு தடவை கூடுதலாகத் திரும்பும், அதோடு குமிழும் பக்கம் மாறும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கும் சிரிப்பு முட்டியது. தையல் சுரீரென்று இழுத்தது.

அவ்வளவையும் பிரித்துவிடு என்றாள் அக்கா. நுனி நூலைத் தேடிக்கொண்டே அவர் வரிசைகளைத் தடவினேன். என் விரல் நின்றுவிட்டது. ஒரு கண்ணியில்கூட ஊசி நுழைகிற இடம் இல்லை. எங்கள் கிளினிக்கில் பெரிய பெரிய மீசைக்காரர்கள் வருவார்கள். வாயைத் திறந்ததும் நாற்காலியின் கைப்பிடியை இப்படித்தான் பிடிப்பார்கள், விரல் வெளுத்துப்போகும். பதினைந்து வருஷமாக அந்தப் பிடியைப் பார்க்கிறேன். பதினான்கு வரிசையிலும் அதே பிடி. அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அக்காவிடம் ஒரு காபி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். பிறகு கேட்டேன்.

“இத்தனை பயமாங்க உங்களுக்கு?”

உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவ கை என் நகம் அளவுகூட இல்லை. இந்தக் கைக்கு இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் தெரியும். மெதுவாப் பிடிக்கிறேன்னு நினைச்சுப் பிடிச்சதுதான் இந்தப் போர்வை. பாத்தியா எப்படி இருக்குன்னு? ஏதாவது ஆயிட்டா உன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

அழுதார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் ஒரே அறையில் இரண்டு பேரும் அழுதால் யார் மேலே போவது?

“உங்க கையை யாருங்க கேட்டா? நெஞ்சைத்தானே கேக்குறாங்க. சட்டையைக் கழட்டிட்டுச் சாஞ்சுக்கங்க, சிஸ்டர் எடுத்து வைப்பாங்க. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாக்கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவளுக்குச் சூடா ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்.”

யாரோ புது வேலை சொன்னதுபோல் ஒரு நிமிஷம் யோசித்தார். கையை உபயோகிக்கவே வேண்டாமா என்று சந்தேகம் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். எழுந்து போனார். போர்வையையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்கா வாங்கி வந்த காபி ஆறிப்போயிற்று. ஒன்றரை மணி, இரண்டு மணி. சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னேன். வராந்தாவில் அலாரம் சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவர் வாசலிலேயே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பழைய குரலில் கத்தினார்.

“எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்க மாட்டேங்கிறார்மா உங்க ஆளு. மூச்சைக்கூட மெதுவாத்தான் விடுறார். ரெண்டு மணி நேரத்துல மெஷின் ஒரு தடவைகூடக் கத்தலை.”

பிறகு தினமும் போனார். தொண்டையும் கரகரக்கவில்லை, எந்த லிஃப்டும் நடுவில் நிற்கவில்லை. மறதி நாளுக்கு நாள் குறைந்தது. சில நாள் மெஷின் கத்தத்தான் செய்தது, அதையும் என்னிடம் மறைக்காமல் சொன்னார். நாற்பது கிராம் ஏறியிருக்கிறாள் என்று சொல்ல, ஒருநாள் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படிக்கட்டில் ஓடி வந்தார். லிஃப்ட் மெக்கானிக்.

என் காய்ச்சல் விட்டு மூன்று நாள் கழித்து, பதினோராம் நாள், சக்கர நாற்காலியில் என்னை மேலே கொண்டுபோனார்கள். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நெஞ்சில், ஆஸ்பத்திரித் துணிக்குள், உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம். நான் பார்த்துப் பார்த்து அழுதேன். கொடுங்கள் என்று கையை நீட்டினேன்.

“இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு,” என்றார் கண்ணைத் திறக்காமல்.

பதினோரு நாள் காத்திருந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? ஏதாவது சொல்லியிருப்பேன். அலாரம் சிஸ்டர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார். அவர் ஒருவரை அடக்கியதை அந்த மாடியே வேடிக்கை பார்த்தது.

வேறு வழியில்லாமல் ஸ்டூலில் இருந்த பையை எடுத்தேன். அவர் தினமும் வராந்தாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மடியில் விரித்தேன். அந்தப் பதினான்குக்கு மேல் இரண்டு வரிசை இன்னும் இறுக்கம். மூன்றாவதில் லேசாக இளகுகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக அகன்று, கடைசி நாலும் என் வரிசைகளுக்குச் சரியாக நாலு சாண். போர்வைக்கு நடுவில் ஒரு இடுப்பு வந்துவிட்டது. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஊசியை எடுத்து அடுத்த வரிசையைத் தொடங்கினேன். குமிழை அவர் பக்கமே போட்டேன்.

பாதி வரிசையில் இருபது நிமிஷம் முடிந்தது. குழந்தையை மாற்றிக் கொடுக்க சிஸ்டர் வந்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார் இவர். ஒரு கையைத் தலைக்குக் கீழேயும் இன்னொரு கையைப் பின்புறத்துக்குக் கீழேயும் கொடுத்தார். லிஃப்ட் தளத்தோடு சமமாக வந்து நிற்கிற மாதிரி, ஒரு குலுக்கல் இல்லாமல், அவளை என் நெஞ்சில் இறக்கினார். கையை உடனே எடுக்கவில்லை. அவள் ஒருமுறை முகத்தைச் சுளித்தாள், கொட்டாவி விட்டாள், மூச்சு விட்டாள்.