அரிசி கொட்டிய மிட்டாய் மிஷின்

முதலாளி தானா ராத்தா டவுனில் வாங்கிவந்து எஸ்டேட் கடையில் வைத்த சூயிங்கம் மிஷினோடு மல்லுக்கட்டியே கடையைப் பார்த்துக்கொள்ளும் எலைனுக்கு அலுத்துப்போயிருந்தது. காசு போட்டுப் பிடியைத் திருகினால், உள்ளே குழித்தட்டு சுற்றும். குழிக்குள் விழும் உருண்டை மிஷினின் வாய்க்கு வரும். மலைப்பனியில் உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகிவிட, தட்டு வெறுமனே சுற்றியது. காசு முதலாளிக்கு, ஏச்சு எலைனுக்கு.

இன்று கட்டியை உடைத்தாள். உப்பு ஜாடியில் போடுவதுபோல், ஈரத்தை இழுக்கட்டுமென்று ஒரு பிடி அரிசியையும் உள்ளே தூவி மூடினாள்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த சரோஜா காசு போட்டுத் திருகினாள். உள்ளங்கையில் அரிசி கொட்டியது.

"என்னா எலைன் இது?"

எலைன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நேத்து ஒண்ணுமே வரலன்னு ஏசுனீங்க. இன்னைக்கு வந்துச்சுல்லக்கா? கொண்டுபோய் உலையில போடுங்க லா."