யாரும் இல்லாத வானத்தில் ஜெமி

அபினேஷுக்குப் பேச்சு என்றாலே வேப்பங்காய். ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் அவன் அப்பா காசிநாதன், மகனை பைலட் ஆக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, வேலூருக்கு வெளியே இருக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். விமானத்தை அவன் அழகாகத்தான் ஓட்டினான். ரேடியோ பொத்தானை அமுக்கிப் பேசச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

அந்தச் சின்ன ஓடுதளத்தில் கன்ட்ரோல் டவர் கிடையாது. வா, இரு, இறங்கு என்று சொல்ல ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பறப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. மேற்கிலிருந்து வருகிறவர் பள்ளிகொண்டா கோபுரம் தெரிந்ததும் தன் பெயரையும் உயரத்தையும் சொல்லியாக வேண்டும். வானத்தில் ஈ காக்கா இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்துக்கென்றே பிறந்தவள் ஜெமி. நர்ஸ் பிரிசில்லாவின் மகள், அபினேஷோடு ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவள். திரும்பினால் சொல்வாள், தாழ்ந்தால் சொல்வாள், இறங்கி ஓரம் கட்டினாலும் சொல்வாள். பொத்தானை விட்ட பிறகும் வாய் ஓயாது. செய்கிற ஒவ்வொன்றையும் தமிழில் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வாள். காற்றுக்குக் கதை சொல்கிறாள் என்று அபினேஷ் கிண்டல் பண்ணுவான். அவள் கோபித்துக்கொண்டதும் இல்லை, குறைத்துக்கொண்டதும் இல்லை.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. அபினேஷ் தனியாக ஜோலார்பேட்டை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். காற்று பின்னாலிருந்து தள்ளியதில், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே பள்ளிகொண்டா வந்துவிட்டது. பொத்தான்மேல் விரல் போனது. யாரிடம் பேசுவது? இருக்கிற இன்னொரு விமானம் ஜெமியுடையது, அவள் இந்நேரம் சர்ச்சில் பாடிக்கொண்டிருப்பாள். விரலை எடுத்துவிட்டான். ஒரு வாக்கியம்தான், அதற்கே அவ்வளவு சோம்பல்!

கோபுரம் பின்னால் போனதும் பனி கவிந்துகொண்டது. எதிரே சூரியன் வேறு. கீழே ஹைவே மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடுதளத்தைப் பார்த்து இறங்க ஆரம்பித்தான். அப்போதுதான் காதில் ஜெமியின் குரல் கேட்டது. சுத்தத் தமிழ், அதுவும் வசவு. பட்டனை மாற்றச் சொல்லிப் போன வாரமே தலைபாடாக அடித்துக்கொண்டாளாம், சாமிநாதன் சார் காதில் வாங்கினால்தானே என்று பொரிந்தாள். சாமிநாதன் அவர்களுடைய பயிற்சியாளர். ஜெமி பறப்பதைப் பார்க்கக் கீழே கையில் ரேடியோவோடு நின்று அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

அபினேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து மேலே ஏறியிருக்கிறாள். அவளுடைய பேசும் பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது விடுகிற வரைக்கும் அவள் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், யார் பேசுவதும் அவளுக்குக் கேட்காது. இருந்தும் தன் பொத்தானை அமுக்கிக் கத்திப் பார்த்தான். இரண்டு பேச்சும் மோதி, கீழே சாமிநாதனின் ரேடியோவில் ஊளைச் சத்தம்தான் எழுந்தது. இதே பனிக்குள் எங்கேயோ அவள். அவன் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. செத்தோம் என்றே நினைத்தான்.

குரலில் வசவு சட்டென்று நின்றது. முறைப்படி ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னாள். பிறகு நிதானமாகத் தமிழில்:

"எம் பட்டன் ஒட்டிக்கிச்சு. நீங்க பேசறது எனக்குக் கேக்காது. மேல யாராவது இருந்தா கேட்டுக்குங்க. ரன்வேக்கு வடக்க, ஆயிரம் அடில, மேற்க பாத்துப் போய்னு இருக்கேன். இதோ இடப்பக்கம் திரும்பி ஹைவே மேல வரப் போறேன். ஒவ்வொண்ணா சொல்லினே வர்றேன்."

ஹைவே மேலே! அவன் இருப்பதே அங்கேதான். அபினேஷ் யோசிக்கவில்லை. வலப்பக்கம் ஒடித்து, மூக்கைத் தூக்கி, மேலே ஏறினான். ஏறித் திரும்பிப் பார்த்தபோது பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை இறக்கை கீழே வந்தது. அவன் போய்க்கொண்டிருந்த பாதையிலேயே வந்தது.

வட்டமடித்தபடி அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தான். சொன்ன சொல் தவறாமல் வந்தாள். வேகம் சொன்னாள், உயரம் சொன்னாள். காற்று கொஞ்சம் தள்ளியபோது அதையும் அதட்டினாள். நடுவில் பாட்டியம்மா மாதிரி ஒரு குத்தல் வேறு, அபினேஷ் மாதிரி வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பறந்தால் எப்படி இருக்கும் என்று. இந்தப் பெண்ணைப் போய்க் கிண்டல் பண்ணினோமே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

"இறங்கிட்டேன். ஓரம் கட்டிட்டேன். ரன்வே காலி. ரேடியோவ ஆஃப் பண்றேன், இனிமே நீங்க பேசுங்க."

டக்கென்று அமைதி. அபினேஷ் பொத்தானை அமுக்கினான். பெயர், இடம், உயரம், செய்யப்போவது என்று ஒன்று விடாமல் சொன்னான். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆங்கிலம் தடுமாறியது, அதைப் பற்றி இப்போது யார் கவலைப்பட்டார்கள்? கீழே சாமிநாதன், இவன் எங்கேயிருந்து முளைத்தான் என்று பனியை அண்ணாந்து பார்த்தார்.

இறங்கியவன், ஜெமியின் விமானத்தருகே நின்ற இருவரிடமும் நேராகப் போனான். பள்ளிகொண்டா மேலே பேசாமல் வந்ததைத் தானாகவே சாமிநாதனிடம் சொல்லிவிட்டான். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்ற ஜெமியின் முகம் வெளிறிப்போனது. தான் ஹைவே மேலே திரும்பியபோது அவனும் அங்கேயே இருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் இல்லன்னு நெனச்சேன் ஜெமி," என்றான் அபினேஷ்.

"நானும் யாரும் இல்லன்னுதான் நெனச்சேன்," என்றாள் அவள். "அதுக்காக சொல்லாம வருவாங்களா?"