நாடகாசிரியர் செத்துப் போனார்

நாடகாசிரியன் செத்துவிட்டான் என்பதுதான் என் புருஷன் நிஷீத் லாஹிரி பல வருஷமாக ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரே விஷயம். கதை செத்துவிட்டதாம், பாத்திரம் செத்துவிட்டதாம், ஆரம்பமும் முடிவும் எப்போதோ செத்துவிட்டனவாம். சரி, சாகட்டும். ஆனால் எங்கள் போஸ்டரைப் பாருங்கள். எழுத்து நிஷீத் லாஹிரி, காட்சியமைப்பு நிஷீத் லாஹிரி, இயக்கம் நிஷீத் லாஹிரி. செத்த மனுஷனுக்கு எதற்கு இத்தனை பெரிய எழுத்து என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி மனுஷன் சாப்பிடவில்லை.

கல்கத்தாவில் தடுக்கி விழுந்தால் ஒரு நாடகக் குழுவின் மேல்தான் விழ வேண்டும். எங்களுடையதும் அதில் ஒன்று. பகலில் பேங்க், பள்ளிக்கூடம், என்னைப்போல இன்சூரன்ஸ் ஆபீஸ். சாயங்காலமானால் வாடகை அறையில் ஒத்திகை, மண் குவளையில் டீ, பொரி, சண்டை. குழுவில் எல்லோருக்கும் அவர் நிஷீத்தா, நிஷீத் அண்ணன். நான் பௌதி, அதாவது அண்ணி. தபதி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது போஸ்டரின் அடியில், பிரஸ்காரன் பெயருக்குக் கொஞ்சம் மேலே தெரியும்.

அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. வீட்டில் யார் என்ன பேசினாலும் அது மேடைக்கு வந்துவிடும். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து போட்ட கூச்சல்கூட முந்தின நாடகத்தில் வந்தது. மேடையில் அதை நானேதான் கத்தினேன். ‘இருத்தலின் ஓலம்’ என்று பத்திரிகையில் எழுதினார்கள். இடுப்பு வலி எனக்கு, புகழ் அவருக்கு. கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? வார்த்தை யாருக்கும் சொந்தமில்லையாம், காற்றில் கிடக்கிறதாம். எடுத்துக்கொள்கிறவர் மட்டும் எப்போதும் இவராகவே இருப்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மகள் ஜினுக்குக்குக் கல்யாணம் பேச வந்தார்களே, அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பையன் தீபாயன், அவளோடு கல்லூரியில் படித்தவன். இரண்டு பேரும் தாங்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து லூச்சிப் பூரி சாப்பிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனுடைய அப்பா பவதோஷ் கோஷாலும் அம்மா ரமொலாவும் வந்தார்கள். பவதோஷ் முனிசிபாலிட்டியில் தண்ணீர் வரி செக்ஷனில் குப்பை கொட்டி ரிடையரானவர். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துர்கா பூஜைக்கு வருஷா வருஷம் தன் பேட்டைப் பந்தலில் தானே எழுதித் தானே போடுகிற நாடகத்தைப் பற்றியேதான் பேசினார். கண்ணெல்லாம் மின்னியது.

நான் சமையலறையில் லூச்சி பொரித்துக்கொண்டிருந்தேன். ரமொலா உள்ளே வந்து மாவை உருட்டிக் கொடுத்தாள். கூடத்திலிருந்து பவதோஷ் ஏதோ வசனம் முழங்குவது கேட்டது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“தீதி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவரு நாடகத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“என்ன சொல்றீங்க? ஒரு நாற்காலி காலி இருக்காதுன்னாரே?”

“இருக்காதுதான். ஒரு வாரம் முன்னாடியே டின்னு நிறையத் தேங்கா உருண்டை பிடிச்சு வீடு வீடாப் போவேன். ‘நவமி அன்னிக்கு வந்து உக்காருங்க, நடுவுல எழுந்து போயிடாதீங்க’ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சுவேன். உருண்டை தின்ன பாவத்துக்கு வந்து உக்காருவாங்க.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சு போயிடுவாரு. அந்த ஒரு ராத்திரிய நினைச்சுக்கிட்டுத்தான் வருஷம் பூரா நடமாடறாரு, பாவம்.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றேன். விடவும் இல்லை. ஆனால் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பால்கனி. அங்கே என் புருஷன் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது புது நாடகம் அரங்கேறுகிற அன்று மத்தியானம். ‘மூன்றாவது மணிக்குப் பிறகு’ என்பது நாடகத்தின் பெயர். அரங்கத்தின் ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண்ணுக்கு மை இட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து சில தாள்களை என் முன்னால் போட்டார். பிரதி முடிவற்றதாம், ஆகவே கடைசி நிமிஷம் வரைக்கும் எழுதுவார். வசனம் மனப்பாடம் ஆகாமல் மேடையில் நாங்கள் முழிப்பதும் பிரதியைச் சேர்ந்ததாம். தாளை எடுத்துப் படித்தேன். ஒரு பெண் டின்னில் தேங்காய் உருண்டையோடு வீடு வீடாகப் போகிறாள். புருஷனுடைய நாடகத்துக்கு ஆள் பிடிக்கிறாள். ரமொலா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணாக நடிக்க வேண்டியது நான்.

“இது என்னங்க?”

“நாலாவது காட்சி. ராத்திரிதான் வந்துச்சு.”

“வந்துச்சா? எந்த வழியா வந்துச்சு, பால்கனி வழியாவா?”

“பேரெல்லாம் மாத்திட்டேனே தபதி.”

“தேங்கா உருண்டைய மாத்தலையே!”

“அத எப்படி மாத்த முடியும்? யோசிச்சுப் பாரு. தேங்கா உருண்டைக்கு விலை போற பார்வையாளன்! அடடா, இந்த நூற்றாண்டு நாடகமே அதுக்குள்ள அடங்கிப்போச்சு.”

“உங்க நூற்றாண்டுல இடி விழ! அவங்க ரெண்டு பேரும் இன்னிக்கு வராங்க. மூணாவது வரிசையில பாஸ் கொடுத்ததே நீங்கதான். ஞாபகம் இருக்கா, இல்லையா?”

“வரட்டும். அவரும் நாடகக்காரர்தானே, ரசிப்பாரு.”

“மனுஷன் மார்ல கைய வெச்சுக்கிட்டு அங்கேயே சரிஞ்சிடுவாரு. நம்ம பொண்ணு கல்யாணம் நிக்கும். அந்தப் பொம்பளை என்னை நம்பிச் சொன்னதுங்க அது.”

“வார்த்தை யாருக்கும்...”

“சொந்தமில்ல, தெரியும்! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நான் இத மேடையில சொல்லமாட்டேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சொல்லாதே! நடிகை வசனத்தைச் சொல்ல மறுக்கிறா. பிரமாதம். நீ மௌனமா நில்லு, உன்னோட நடிக்கற கண்ட்டு பக்கத்துல நின்னு தாளைப் பாத்துப் படிக்கட்டும்.”

“மேடைக்கே வரமாட்டேன்.”

“அது இன்னும் பிரமாதம். காலி நாற்காலி ஒண்ணு போட்டுடலாம். குழுவுல வேற யாராவது படிப்பாங்க.”

இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். சண்டை போட்டால் அது நாடகம், போடாவிட்டாலும் நாடகம். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாலும் அங்கே ரமொலாவின் மானம் போகத்தான் போகிறது. மேடையில் நின்றாலாவது ஏதாவது செய்ய முடியும். என்ன செய்வது என்றுதான் புரியவில்லை. மை வழிந்து கன்னமெல்லாம் கறுப்பு. மறுபடி முகம் கழுவினேன்.

ஆறு மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பவதோஷ் கஞ்சி போட்ட வேட்டியும் ஜிப்பாவுமாக, கையில் சந்தேஷ் மிட்டாய் டப்பாவோடு நேரே ஒப்பனை அறைக்குள் நுழைந்தார்.

“நிஷீத் பாபு, நானும் இந்தத் தொழில்ல ஒரு கை பாத்தவன்தான்! ஆனா எங்க பேட்டை ஜனங்க பொல்லாதவங்க. கடைசியில வில்லன் சாகலேன்னா என்னைத் தொலைச்சுப்புடுவாங்க. உங்க நாடகத்துல யார் சாகறாங்க?”

“நான்தான்” என்றார் என் புருஷன், பெருமையாக.

பவதோஷ் விழுந்து விழுந்து சிரித்தார். ரமொலா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். மேஜையில் கிடந்த தாள்களைக் குப்புறப் போட்டுவிட்டு நானும் கையை அசைத்தேன்.

நாடகம் ஆரம்பித்தது. திரை தூக்குவதற்கு முன்னால் அடிக்கிற மூன்றாவது மணி அடித்ததும் கண்ட்டு மேடைக்கு நடுவில் வந்து நின்று, “நாடகாசிரியர் இறந்துவிட்டார். இனி இந்த வார்த்தைகள் யாருக்கும் சொந்தமில்லை” என்று அறிவித்தான். கண்ட்டு பேங்க் குமாஸ்தா, தொப்பைக்காரன், தங்கமான பையன். மேடை ஓரத்தில் ஒரு முக்காலியில், கழுத்தில் மாலையோடு, செத்துப்போன நாடகாசிரியராக என் புருஷன் உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று காட்சிகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அந்த நாடகம் அப்படிப்பட்டது.

நாலாவது காட்சிக்கு ஒரு வெறும் கதவுச் சட்டம் மட்டும் மேடையில் நின்றது. அதற்குப் பின்னால் கண்ட்டு, கையில் தாளோடு. நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். டின்னைப் பார்த்த அந்த நொடியே மூன்றாவது வரிசையில் ரமொலாவின் கை சேலைத் தலைப்போடு வாய்க்குப் போனது. பக்கத்தில் பவதோஷ் முன்னால் சாய்ந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டினேன்.

“ஐயா, கொஞ்சம் திறங்க. இந்தத் தேங்கா உருண்டைய வாங்கிக்குங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். நவமி அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் நாடகம். அதுக்கு நீங்க தயவுபண்ணி...”

அடுத்த வார்த்தை ‘வாங்க’. ரமொலாவின் கண்ணைப் பார்த்தேன்.

“...வராதீங்க!”

கண்ட்டு தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“போன வருஷம் நீங்க எல்லாரும் முண்டியடிச்சு வந்ததுல பந்தல் காலு சாஞ்சுபோச்சு. பந்தல்காரன் எங்க குரல்வளையப் பிடிக்கறான். இந்த வருஷமாச்சும் ஒரு நாலு வீட்டுக்காரங்க வீட்டோட இருங்க சாமி! வேணும்னா ரெண்டு உருண்டையா எடுத்துக்குங்க!”

கண்ட்டு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “அதெல்லாம் நடக்காதும்மா! உருண்டைய நீங்களே தின்னுங்க. எங்களுக்கு நாடகம்தான் வேணும். என் சம்சாரம் இப்பவே போய் இடம் பிடிச்சு உக்காந்துட்டா!”

அரங்கம் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது பவதோஷ்தான். முழங்கையால் பெண்டாட்டியை இடித்து இடித்துச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. செத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நிறுத்து! அது வசனமில்ல!”

ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள்.

“என்ன சிரிப்பு? நான் எழுதினது அது இல்ல! இது என் நாடகம்! சரியான வசனத்த நானே சொல்றேன், கேளுங்க. அந்தப் பொம்பளை வீடு வீடாப் போறா, எதுக்குன்னா...”

வார்த்தை சொந்தமில்லாதவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள்! மாலை ஒரு பக்கம் தொங்க, நெற்றி நரம்பு புடைக்க, ‘என்’, ‘என்’ என்று கத்துகிறார். இன்னும் ஒரு வாக்கியம் போனால் எல்லாம் முடிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

“கண்ட்டு! நாடகாசிரியர் செத்துப் போயிட்டார்னு ஆரம்பத்துலயே சொன்னியே! பிணம் பேசுதுடா! தூக்குங்கடா அத!”

கண்ட்டு ஒரே பாய்ச்சலில் போய் அவர் வாயைப் பொத்தினான். உள்ளேயிருந்து மூன்று பேர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் அவர்களைக் கூப்பிடக்கூட இல்லை. குழுவில் ஒவ்வொருவனுக்கும் வீட்டில் பேசிய ஏதாவது ஒன்று அந்த மனுஷனிடம் திருட்டுப் போயிருந்தது. பெஞ்சில் படுக்கவைத்துத் தோளில் ஏற்றி, “போலோ ஹரி, ஹரி போல்” என்று சுடுகாட்டுக்குப் போகிற கோஷம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கூடவே கோஷம் போட்டார்கள். அவர் காலை உதைத்தார். தத்ரூபமாக நடிக்கிறார் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

திரை விழுந்த பிறகு பவதோஷ் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

“சம்பந்தியம்மா, எங்க பந்தல் காலு சாஞ்சது உங்களுக்கு யாரு சொன்னா? காத்துல சாஞ்சுதுன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேனே! கூட்டத்துனாலதான், ஆமா, கூட்டத்துனாலதான்!”

நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன், அங்கே நிஜமாகவே சாய்ந்திருக்கிறது. பவதோஷ் கண்ட்டுவைக் கட்டிப்பிடிக்கப் போனார். ரமொலா மெதுவாக என் பக்கத்தில் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு எனக்குத் தெரியும் தீதி. கல்யாணத்துல ஒரு குறையும் வராது. ஜினுக் இனிமே எங்க வீட்டுப் பொண்ணு.”

“நான் சத்தியமா அவர்கிட்ட...”

“தெரியும். ஆனா உங்க வீட்டுல இனிமே நான் வாயத் திறக்கமாட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

டாக்ஸியில் வரும்போது என் புருஷன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“அந்தப் பாடை விஷயம் நல்லா வந்துச்சு தபதி. அடுத்த ஷோவுலயும் வெச்சுக்கலாம். ‘செத்த ஆசிரியனின் கலகம்’னு விமர்சனம் எழுத வந்த பத்திரிகைக்காரர் இப்பவே தலைப்புச் சொல்லிட்டுப் போனாரு.”

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

“ஆமா, அந்தம்மா உன் பக்கத்துல வந்து என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஏதோ சொன்னாங்களே. உன் முகம்கூட ஒரு மாதிரி...”

“ஒண்ணுமில்லேன்னு சொல்றேன்ல!”

நாடகம் பார்க்க வந்திருந்த ஜினுக் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை அவள் திரும்பவே இல்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் டெலிபோன் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிற டெலிபோன்தான். நேற்று சாயங்காலம் கல்யாணப் புடவை விஷயமாக ரமொலாவோடு இரண்டு வார்த்தை பேச வேண்டியிருந்தது. கூடத்தில் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கறிகாய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். ஒரே கும்பல். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றிருந்த பெண் கையில் சில்லறையை எண்ணிக்கொண்டே திரும்பினாள். ஜினுக்.

சில்லறையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து, தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டாள்.